மருந்துக் கணக்கு

ரொம்ப நாளாச்சு இங்கே எழுதி. ஆடிட், இயர் எண்டிங் என்று வங்கிக்காரன் பிழைப்பு ஓடுகிறது. இன்றைக்கு எழுத வைத்தது என் மகன்.

பையன் பத்தாவது. ஒரு வருடமாக ஏர் பிஸ்டல் பழகுகிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் சிஞ்ச்வட்டிலிருந்து பாலேவாடிக்கு ஸ்கூட்டரில் கொண்டு விடுவது என் டியூட்டி. போட்டியில் 60 பெல்லட், 75 நிமிடம். பத்து மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையில் பத்துப் பாயிண்ட் வட்டம் வெறும் 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு!

போன மாதம் ஒரு நாள், "அப்பா, அடுத்து நிஜ பிஸ்டல். தோட்டா விலைதானே உங்களுக்குப் பயம்? அமெரிக்காவில வீட்டிலேயே ரீலோட் பண்றாங்க" என்று லேப்டாப்பை நீட்டினான். சுட்டபின் விழும் பித்தளைக் கூட்டைத் தூக்கிப் போடாமல், புது பிரைமர், மருந்து, ஈயக் குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குகிறார்கள். விலை கூடியது கூடுதான். அது பல தடவைக்கு வரும்.

பி.காம். மூளை சும்மா இருக்குமா? எக்செல் திறந்து, ஒரு சுடுதலுக்கு அடக்க விலை போட்டேன். கூட்டுக்குத் தேய்மானம் வேறு! பையன் சிக்கனமாக யோசிக்கிறானே என்று உள்ளுக்குள் பெருமை.

ஞாயிற்றுக்கிழமை கோச்சிடம் கேட்டேன். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். சிரித்துவிட்டார். "சாப், 25 மீட்டர் பிஸ்டலில் போடுவது பாயிண்ட் டூ டூ. பற்றவைக்கும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கும். ஒரு தடவை நசுங்கினால் அவ்வளவுதான், அதைத் திரும்ப நிரப்புவதில்லை. இன்னொன்று, 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரித்தால் ஜெயில். அந்த வேலைக்குத்தான் கட்கியில் 1869-லிருந்து ஃபாக்டரி இருக்கிறதே!"

திரும்பி வரும்போது 'மருந்து' என்ற சொல் மட்டும் மண்டைக்குள் சுற்றியது.

நான் சாத்தூர்க்காரன். எங்கள் பக்கம் வெடிமருந்தை வெறும் மருந்து என்றுதான் சொல்வோம். என் பெரியப்பாவுக்கு வலது கையில் மூன்று விரல்தான். வீட்டுத் திண்ணையிலேயே மருந்து செலுத்தினால் நாலு காசு மிஞ்சும் என்று யாரோ சொன்னதைக் கேட்டவர். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து முப்பது பேருக்கு மேல் செத்த அன்று ராத்திரி அவருக்குப் போன் போட்டேன். பேசவேயில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

இத்தனையும் தெரிந்தவன்தான் எக்செல் போட்டேன். அதில் விரலுக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

அன்று சாயங்காலம் பையனிடம் பெரியப்பா கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "இதை ஏன்பா இவ்வளவு நாள் சொல்லவேயில்ல?" என்றான். என்னிடம் பதில் இல்லை. ஊரைப் பற்றி அவனுக்கு நான் சொன்னதெல்லாம் சாத்தூர் சேவும் மாரியம்மன் திருவிழாவும்தான்.

மலிவான பயிற்சி ஒன்றைக் கோச்சே சொல்லியிருக்கிறார். பிஸ்டல் காலிதானா என்று முதலில் பார்த்துவிட்டு, வெள்ளைச் சுவரைப் பார்த்துக் குறி அசையாமல் ட்ரிக்கர் இழுப்பது. டிரை ஃபயர் என்று பெயர். பெரிய பெரிய வீரர்களும் செய்வதாம். செலவு பூஜ்யம். இப்போது தினமும் ராத்திரி எங்கள் ஹாலில் 'டிக்... டிக்...' சத்தம்தான். சீரியல் பார்க்க முடியவில்லை என்று வீட்டம்மா புலம்பல் :-)

பொங்கலுக்கு ஊருக்குப் போனால் தாத்தா கையைப் பார்க்கணும் என்கிறான். கூட்டிப் போகிறேன்.

வெளியூரில் பிள்ளை வளர்ப்பவர்களே, நீங்கள் ஊர்க்கதை என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?