ஊற்று

ஆற்று மணலில் முழங்கை ஆழம் தோண்டினால் போதும், நீர் கசியும். முதலில் கலங்கல்தான். கொட்டாங்குச்சியால் நாலு தடவை இறைத்துவிட்டுக் காத்திருந்தால், மணல் அடங்கி உள்ளே விட்ட கையின் ரேகை தெரியும். அம்மா குடத்து வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி அதைத்தான் மொண்டு ஊற்றுவாள். கோடையில் எங்கள் வீட்டுச் சோறு கோமுகி ஆற்றின் ஊற்று நீரில் வெந்தது.

கல்வராயன் மலையிலிருந்து கல்படை, பொட்டியம், பரங்கிநத்தம் ஓடைகள் இறங்கிக் கச்சிராயப்பாளையம் பக்கத்து அணையில் சேர்கின்றன. அணைக்கு 46 அடி. ஐப்பசி மழையில் நிரம்பி ஆற்றில் தண்ணீர் விட்டார்கள் என்றால், வகுப்பில் பாதி பெஞ்சு காலி. துண்டை விரித்துக் கெண்டைக் குஞ்சு பிடிப்போம். வீட்டுக்குக் கொண்டுவந்த ஒன்றுகூடப் பிழைத்ததில்லை, அது வேறு கதை.

சென்னைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. 2019-ல் எங்கள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. ஊர் பெருத்தது, குப்பையும் பெருத்தது. இப்போது பாலத்தில் நின்றால் கோழிக்கடைக் கழிவு, மண்டபத்து எச்சில் இலை, சலூன் முடி மூட்டை, பிய்ந்த மெத்தை. மாட்டின் பின்னால் நடந்த உண்ணிக்கொக்கு குப்பைமேட்டில் நிற்கிறது. போன பொங்கலுக்கு, கரைப் பனையடியில் விழுந்து கிடந்த தூக்கணாங்குருவிக் கூட்டை எடுத்துப் பார்த்தேன். புல்லுக்கு நடுவே சிமெண்டு சாக்கின் வெள்ளை நார். முடிச்சு மட்டும் பழைய முடிச்சு.

முதலில் போனது மணல். மணல் போன இடம் பள்ளமானது. பள்ளத்தைக் கண்டால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. என் தங்கை கல்யாணத்து இலைகள் எங்கே போயின என்று அன்றைக்கு நானும் கேட்கவில்லை.

அந்தப் பொங்கலில் நான் கரையில் நின்றுகொண்டிருந்தபோதே ஒருவர் மொபெட்டில் மூட்டையோடு வந்தார்.

"அண்ணே, ஆத்துலயா போடப் போறீங்க?"

"எல்லாரும் போடறதுதான தம்பி. மழ வந்தா அடிச்சிக்கிட்டுப் போயிடும்."

ஆற்றில் கழிவு கொட்டுவது குற்றம் என்று 1974-லேயே சட்டம் இருக்கிறது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. அடித்துக்கொண்டு போவதும் உண்மைதான். கோமுகி மணிமுக்தாவில் கலக்கிறது. மணிமுக்தா விருத்தாசலம் தாண்டி வெள்ளாற்றில் சேர்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. அங்கே முகத்துவாரத்தில் வலை வீசுகிறவருக்கு நம் ஊர் மூட்டை போய்ச் சேரும்.

போன ஆடிப் பதினெட்டுக்கு அம்மா ஆற்றுக்குப் போகவில்லை. கொல்லைக் குழாயைத் திறந்து குடத்தை நிறைத்து, அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டாள்.