கிளாரினெட்டின் பின்புறத்து இலக்கம்

செய்தி எவ்வளவு சுவையானதாயினும் மூலத்தை உறுதிசெய்யாமல் அச்சுக்கு அனுப்பலாகாது என்று இளம் நிருபர்களிடம் பல்லாண்டுகள் சொல்லி வந்தவன் நான். அண்மையில் அப்பாடத்தை நானே மறுபடியும் படிக்க நேர்ந்தது.

பேரனுக்காக, பாவித்த கிளாரினெட் ஒன்றை இணையத்தில் தேடினேன். "புஃபே கிரம்போன். காலமான என் கணவருடையது" என்றொரு விளம்பரம். விலை மிகக் குறைவு. உடனே பணம் அனுப்ப முனைந்த என்னைப் பேரனின் இசையாசிரியர் தடுத்தார்.

"பெயரை மட்டும் நம்பாதீர்கள் ஐயா. அந்நிறுவனத்தின் மாணவர் கருவிகளில் பி12, ஈ11 என்று வகை பொறித்திருக்கும். பி12 பிளாஸ்டிக், ஈ11 மரம். இன்னும் பழைய மாணவர் கருவிகளில் எவெட் என்ற பெயரிருக்கும். புகழ்பெற்ற ஆர்13இன் பழைய கருவிகளிலோ வகைப்பெயர் இராது. மேல், கீழ்த் துண்டுகளின் பின்புறத்து இலக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாயிருக்க வேண்டும்."

படங்கள் வந்தன. கருமரம், வகைப்பெயர் இல்லை, இலக்கங்கள் ஒன்றே. நிறுவனத்தின் இணையப் பதிவேடு 1970களின் ஆண்டொன்றைக் காட்டியது. சாவிகளின் அமைப்பையும் பார்த்துவிட்டு, "ஆர்13தான்" என்றார் ஆசிரியர்.

தன் கையிலிருப்பது என்னவென்று அந்த அம்மையாருக்குத் தெரியவில்லை. வாய்திறவாமல் வாங்கிவிடலாம். அன்றிரவு உறக்கம் வரவில்லை. காலையில் உண்மையை எழுதி அனுப்பினேன். நன்றி கூறிய அவர், மகனுக்கே கொடுக்கப்போவதாகச் சொல்லி விளம்பரத்தை நீக்கிவிட்டார்.

பேரனுக்கு வேறொருவரிடம் பி12 வாங்கினோம். இலக்கத்தின் படம் வந்த பின்னரே பணம் அனுப்பினேன்.