தாழ்ப்பாள் போடாத பாத்ரூம்

கிரீன்வேஸ் ரோடு ஸ்டேஷனில் பறக்கும் ரயிலைவிட்டு இறங்கி நடந்தால் ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் ஆபீஸ். அங்கே ஒரு புரோகிராம். மேலே பைதான், அடியில் சி ப்ளஸ் ப்ளஸ், கூடவே எட்டு த்ரெட். ஒழுங்காகத்தான் ஓடியது. ஒரே குறை... பந்தியில் உட்கார்ந்து எழுந்திருக்காத ஆசாமி மாதிரி மெமரியை வாங்கிக்கொண்டே இருக்கும். திருப்பித் தராது.

எங்கே தின்கிறது என்று பார்க்க ஒரு மெமரி புரொஃபைலரை மாட்டினேன். மூன்றாவது நிமிஷம் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று படுத்துவிட்டது! எடுத்தால் ஓடுகிறது, மாட்டினால் விழுகிறது.

"புரொஃபைலர்லதான் கோளாறு, எடுத்துடுங்க" என்றார் மேனேஜர்.

நான் ஒரு படி மேலே போய், "சி ப்ளஸ் ப்ளஸ் பக்கம் புதுப் பையன் எழுதினது சார்" என்றேன். பையன் ஒன்றும் பேசவில்லை. அன்று சாயங்காலம் டீக்கும் வரவில்லை.

ராத்திரி தனியாக உட்கார்ந்தேன். 2016-ல் பைதான் 3.6-ல் வந்த வசதி ஒன்று உண்டு. பைதான்மல்லாக் என்ற செட்டிங்கில் 'டீபக்' என்று போட்டு ஓட்டினேன். 'ஜி.ஐ.எல். பூட்டு கையில் இல்லாமல் மெமரி கேட்கிறாய்' என்று திட்டிவிட்டு நின்றது.

அதென்ன பூட்டு? திருவல்லிக்கேணி மேன்ஷனில் மாடிக்கு ஒரே பாத்ரூம் இருக்குமே, அதன் தாழ்ப்பாள்தான். ஒருத்தன் வெளியே வந்தால்தான் அடுத்தவன். ஒவ்வொரு பொருளையும் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று பைதான் கணக்கு எழுதும். பூஜ்யமானால் இடத்தைக் காலி செய்யும். தாழ்ப்பாள் போடாமல் இரண்டு த்ரெட் நுழைந்தால் கணக்கு தப்பும். கூடிப்போனால் மெமரி தேங்கும். குறைந்துபோனால், ஆள் உள்ளே இருக்கும்போதே வீட்டை இடித்த கதை! புரொஃபைலர் செய்த பாவம், ஒவ்வொரு கோரிக்கையையும் குறித்துக்கொண்டு வேகத்தைக் குறைத்ததுதான். எப்போதோ நடக்கிற மோதல் அடிக்கடி நடந்தது.

பூட்டு வாங்காத ஃபங்ஷனை டீபக்கரில் பிடித்தேன். அதன் தலையில் எழுதியவர் பெயர், தேதியோடு.

என் பெயர்!

பூட்டை வாங்க ஒரு வரி, திருப்பித் தர ஒரு வரி. அவ்வளவுதான். மறுபடி புரொஃபைலரை மாட்டினேன். விழவில்லை, மெமரியும் ஏறவில்லை.

காலையில் பையனை வைத்துக்கொண்டே மேனேஜரிடம் சொன்னேன். பிறகு டீக்கடையில் அவன் சொன்னான்: "நான் அன்னிக்கே பார்த்துட்டேண்ணா. மேல உங்க பேர் இருந்துச்சு."

"ஏன்டா சொல்லலை?"

"நீங்க சீனியராச்சே!"

டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்.