புள்ளையையும் சேர்த்து விடுவாங்களா?

திருவள்ளூர் மாவட்டத்தில் செங்கல் சூளை ஒன்றின்மேல் 2018இல் வந்த வழக்கு இது. சூளையில் கல் அறுத்தவர்கள் ஒடிசாவின் பலாங்கிர் பக்கத்துக் குடும்பங்கள். அங்கே நுவாகாய் பண்டிகையை ஒட்டி சர்தார் எனப்படும் ஆள்பிடிக்கும் தரகர் முன்பணம் கொடுப்பார். அறுவடை முடிந்ததும் பிள்ளைகுட்டிகளோடு ரயில் ஏறினால், மழை தொடங்கும்வரை சூளைதான்.

என்னிடம் புகாரைக் கொண்டுவந்தவர் இருளர் பழங்குடிப் பெண்மணி ஒருவர். செங்குன்றம் பக்கம் ரைஸ் மில்லில் குடும்பத்தோடு கொத்தடிமையாக இருந்து மீண்டவர். நாங்கள் எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவோம். வாரச் சந்தையில் அந்த ஒடிசாப் பெண்களைப் பார்த்திருக்கிறார். "சார், மேஸ்திரி பின்னாடியே நிக்கிறான். ஒருத்தி கூடவும் புள்ளை இல்லை. எங்களையும் இப்படித்தான் அனுப்புவாங்க" என்றார். வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. அன்றே மனு எழுதினோம்.

விசாரணைக்கு வந்த வருவாய்த்துறை அதிகாரி, "அடிச்சாங்களா? பூட்டி வெச்சாங்களா?" என்று கேட்டார். மொழிபெயர்த்தவர் சர்தார். எல்லோரும் இல்லை என்று தலையாட்டினார்கள். கோப்பை அத்தோடு மூடியிருப்பார்கள். முதலாளியையும் சர்தாரையும் வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கேட்க வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலை பார்க்கும் பலாங்கிர்க்காரர் ஒருவரை அக்கா முன்னமே பேசி வரவழைத்திருந்தார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர் அவர்.

அக்கா பெண்களோடு தரையில் உட்கார்ந்து கேட்டார்: "கணக்கு நோட்டு யார்கிட்ட இருக்கு? அட்வான்ஸுல எவ்வளவு கழிஞ்சிருக்கு? சந்தைக்கு வர்றப்போ புள்ளை எங்கே இருக்கும்?" நோட்டு மேஸ்திரியிடம். கழிந்தது எவ்வளவு என்று ஒருவருக்கும் தெரியாது. பிள்ளை சூளையில். கடைசியாக, "நாளைக்கே ஊருக்குப் போறேன்னு சொன்னா, புள்ளையையும் சேர்த்து விடுவாங்களா?" என்றார். கடன் தீர்ந்தால்தான் என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்களும் பேசத் தொடங்கினார்கள். அதிகாரி எழுத ஆரம்பித்தார்.

1976ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் விலங்கையும் பூட்டையும் தேடச் சொல்லவில்லை. முன்பணத்துக்கு ஈடாக, விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமையையோ வேறு வேலைக்குச் செல்லும் உரிமையையோ இழந்திருந்தாலே போதும். வறுமை நெருக்கிக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் உழைக்க நேர்ந்தால் அதுவும் கட்டாய உழைப்பே என்று 1982இல் ஏசியாட் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அக்கா இதில் எதையும் படித்தவரில்லை. ஆனாலும் அவர் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் சட்டத்தின் ஏதோ ஓர் உட்பிரிவில் போய் நின்றது.

விடுதலைச் சான்றிதழ் கிடைத்தது. சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி கடனும் செத்தது. அன்றைய மறுவாழ்வுத் திட்டப்படி ஆளுக்கு 20,000 ரூபாய் உடனடி உதவியோடு ஊர் திரும்பினார்கள்.

இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் இதற்குப் பிறகுதான் தோற்கும். விசாரணை தொடங்குவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். சாட்சி இருப்பதோ வேறு மாநிலத்தில். இங்கேயும் சர்தார் வீடு வீடாகப் போய் சமரசம் பேசினார். பலாங்கிர்க்காரர் விடாமல் போன் செய்து அவர்களோடு பேசிக்கொண்டே இருந்தார். அக்கா தனக்கு நடந்த விசாரணையைச் சொல்லி, வக்கீல் என்னவெல்லாம் கேட்பார் என்பதையும் பலாங்கிர்க்காரர் மூலமாக எடுத்துச் சொன்னார்.

வழக்கு அப்போது நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டம் 370ஆம் பிரிவில், ஆள்கடத்தல் குற்றமாக நடந்தது. அரசு வழக்கறிஞருக்கு உதவியாக நான் இருந்தேன். காணொலியில் சாட்சி சொல்லலாம் என்று உச்ச நீதிமன்றம் 2003லேயே அனுமதித்திருப்பதால், பலாங்கிர் நீதிமன்றத்திலிருந்தே ஒரு பெண் சாட்சி சொன்னார்.

"கேட் பூட்டியிருந்ததா?"

"இல்லை."

"நீங்களாகத்தானே வந்தீர்கள்?"

"ஆமாம்."

"பிறகு ஏன் போகவில்லை?"

"என் மகன் உள்ளே இருந்தான்."

எதிர்த்தரப்பு வக்கீல் அதற்குமேல் அவரிடம் கேட்கவில்லை. சுரண்டுவதற்காக ஏமாற்றியோ ஆசை காட்டியோ ஆள் சேர்த்திருந்தால், பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கணக்கில் வராது என்று 370ஆம் பிரிவே சொல்லியிருந்தது. முதலாளிக்கும் சர்தாருக்கும் தண்டனை கிடைத்தது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது.

அடுத்த பருவத்தில் வேறொரு சூளையைப் பற்றித் தகவல் வந்தது. சொன்னவர் சாட்சி சொன்ன அதே பெண். அவருடைய உறவுக்காரக் குடும்பம் அங்கே சிக்கியிருந்தது.

கொத்தடிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடியினர் மூவருக்கு இடம் ஒதுக்குகிறது. அவர்களை நியமிப்பவர் மாவட்ட ஆட்சியர். விசாரணையில் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தவர் அந்த மேசையில் உட்கார்வதற்குச் சட்டம் ஏற்கெனவே நாற்காலி போட்டு வைத்திருக்கிறது. அதில் ஒன்றுக்கு அக்காவை நியமிக்கக் கோரி ஆட்சியரிடம் மனு கொடுத்தோம்.