ஊசியும் ஊதியமும்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் தையலைப் புத்தகம் பார்த்துக் கற்றவர்கள் மிகச் சிலரே. தாயிடமிருந்து மகளும், அம்மம்மாவிடமிருந்து பேர்த்தியும் அதைக் கற்றனர். அந்தக் கல்விக்குப் பாடத்திட்டம் இல்லை, பரீட்சை இல்லை, சான்றிதழும் இல்லை. சான்றிதழ் இல்லாத காரணத்தாலேயே உலகம் அதைக் கல்வி என்று ஏற்க மறுத்துவிட்டது. இந்த மறுப்பினால் யாருக்கு நட்டம், யாருக்கு இலாபம் என்று எண்ணிப் பார்ப்பது ஆசிரியராகிய எமது கடமை என்று கருதுகிறோம்.

எமது வீட்டில் இக்கல்வி நடந்த காலம் வசதியான காலமன்று. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுவிட்டது. மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. பகல் வெளிச்சம் உள்ளவரை திண்ணையிலும், இருட்டியபின் ஜாம் போத்தல் விளக்கடியிலும் அம்மம்மா அக்காவுக்குத் தையல் பழக்கினார். முதலில் பழைய வேட்டித் துண்டிலே நூலோட்டம். தையல் கோணினால் ஏசமாட்டார். நூலை உருவிவிட்டு அதே துண்டைத் திருப்பிக் கொடுப்பார். "நீள நூல் எடுக்கிறவளுக்குச் சிக்குத்தான் மிச்சம், பிள்ளை" என்பார். அடுத்துத் தெறி கட்டுதல். அதன்பின் ஓரம் மடித்தல். பின்னர் கிழிசல் பொத்துதல். பழஞ்சேலையை நாலாக மடித்துச் சுற்றிலும் இடையிலும் நூலோட்டிப் பச்சைக் குழந்தைக்கு விரிப்புத் தைக்கத் தெரிந்த பிறகுதான் மிதிமெசினில் உட்கார அனுமதி. மின்சாரத்தை எதிர்பாராத அந்த மெசின் இருண்ட ஊரிலும் ஓடிக்கொண்டே இருந்தது.

எமக்குக் கிடைத்த வேலை ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது ஒன்றுதான். அம்மம்மாவின் கண் மங்கியிருந்தது, நாம் ஆண்பிள்ளை. அதற்கு மேல் ஊசி எம் கைக்கு வரவில்லை. ஆனால் சந்தையடியில் தையற்கடை வைத்திருந்தவரோ ஓர் ஆண்! வீட்டில் கூலியின்றித் தைத்தால் அது பெண்ணின் இயல்பு. கடையில் கூலிக்குத் தைத்தால் அது ஆணின் தொழில். தமிழில் 'தையல்' என்ற ஒரே சொல் பெண்ணையும் குறிக்கிறது, அவள் செய்யும் வேலையையும் குறிக்கிறது. வேலை வேறு, ஆள் வேறு என்று பிரித்துப் பார்க்க நம் சமூகமும் இன்னும் பழகவில்லை.

குடும்பவழிக் கல்விக்கு மற்றொரு முகமும் உண்டு. கரையோரத்தில் தகப்பன் மகனுக்கு வலை பொத்தப் பழக்குகிறான். பனங்கூடல் சூழ்ந்த ஊர்களில் தாய் மகளுக்குக் கடகம் பொத்தப் பழக்குகிறாள். வலைக்கும் கடகத்துக்கும் கிழிந்த சட்டைக்கும் ஒரே வினைச்சொல். ஆயினும் ஒவ்வொரு பொத்துதலும் ஒவ்வொரு சாதிக்குள் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் ரவிக்கை அணியலாகாது என்ற கொடிய கட்டுப்பாடு 20ஆம் நூற்றாண்டிலும் இங்கு நிலவியது. தைக்கத் தெரிந்தும் தைத்ததை உடுக்க உரிமையில்லாத கைகள் எத்தனை! ஆகவே, பழைய வீட்டுக் கல்வியைப் பொற்காலமாகப் போற்ற நாம் உடன்படோம்.

1816இல் இங்கு வந்த அமெரிக்க மிசனரிமார் 1824இல் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினர். அங்கே எழுத்தோடு ஊசி வேலையும் கற்பிக்கப்பட்டது. சிங்கர் கம்பனி 1877இல் இலங்கைக்கு வந்தது. காலப்போக்கில் தையல் மெசின் சீதனப் பொருள்களுள் ஒன்றாயிற்று. ஆனால் அதன் உண்மைப் பெறுமதியைப் போர்தான் காட்டியது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் இடம்பெயர்ந்தபோது, எமது தாயார் மெசினின் தலையை மட்டும் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டார். தென்மராட்சியில் சாக்குகளைப் பிரித்து, சாக்கூசியால் இணைத்துப் படங்காக்கி, அதன் நிழலில் எம்மை இருத்தியதும் அம்மம்மா பழக்கிய அதே கைதான்.

அண்மையில் எமது வகுப்பில் ஒரு நிகழ்ச்சி. சாதாரண தரப் பரீட்சை எழுதவிருந்த மாணவர்களிடம் ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னோம். 'தெரிந்த தொழில்' என்ற இடத்தில் ஒரு மாணவி 'இல்லை' என்று எழுதியிருந்தாள். அவள் அணிந்திருந்த சீருடை நேர்த்தியாகத் தைக்கப்பட்டிருந்தது.

"இந்தச் சட்டையை ஆர் தைச்சது?"

"நான்தான் சேர். தங்கச்சியின்ரயும் நான்தான்."

"பிறகேன் இல்லை என்று எழுதினாய்?"

"அது வீட்டில அம்மாவிட்டப் பழகினதுதானே சேர்."

அந்த 'தானே' என்ற சொல்லில் ஒரு பொருளாதார அமைப்பே அடங்கியிருக்கிறது.

1977இல் இலங்கை திறந்த பொருளாதாரத்துக்கு மாறியது. 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் எழுந்தது. 2009இல் போர் முடிந்தபின் வடக்கிலும் ஆடைத் தொழிற்சாலைகள் திறக்கப்பட்டன. அங்கு பெண்களையே ஏன் பெரிதும் சேர்க்கிறார்கள்? அவர்களுடைய விரல்களின் வேகம் பிறவிக் குணம் என்பார்கள். டயான் எல்சன், ரூத் பியர்சன் என்னும் ஆய்வாளர் இருவர் 1981இலேயே இந்தக் கூற்றை மறுத்தனர். அந்த வேகம் வீட்டில் பெற்ற பயிற்சியின் பயன்; அப்பயிற்சி கண்ணுக்குத் தெரியாததால் வேலை திறனற்றதாகக் கணிக்கப்படுகிறது; கூலியும் குறைகிறது என்று காட்டினர். பயிற்சிச் செலவை அம்மம்மாக்கள் ஏற்றனர். இலாபம் முதலாளிக்குப் போகிறது. 'வீட்டில் பழகியதுதானே' என்று அந்தப் பெண் தானே தன் விலையைக் குறைத்துக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்குப் போவாளாயின், கூலி பேச முதலாளிக்கு என்ன சிரமம்?

இதற்கு மாற்று இல்லாமலில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், வாக்குரிமைக்காகக் கறுப்பின மக்கள் போராடிய காலத்தில், 1966ஆம் ஆண்டு அவ்வினப் பெண்கள் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். தாய்மாரிடமும் பாட்டிமாரிடமும் கற்றபடி துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்த போர்வைகளே அவர்களுடைய மூலதனம். அவற்றை நியூயோர்க் வரை கொண்டுபோய் விற்று வருவாய் பெற்றனர். குளிர் தாங்கத் தைத்த போர்வை, ஒன்றுபட்டபோது உரிமைக்கும் துணையாயிற்று.

நம்மால் செய்யக்கூடியவை சில உள. அனுபவத்தால் பெற்ற திறனைச் சோதித்துத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை இலங்கையில் இருக்கிறது. அதை மாணவிகளுக்கும் அவர்களுடைய தாய்மாருக்கும் எடுத்துச் சொல்லலாம். மனையியலைப் பெண்பிள்ளைகளின் பாடம் என்று ஒதுக்காமல் ஆண்பிள்ளைகளின் கையிலும் ஊசியைக் கொடுக்கலாம். தைப்பவர்கள் தனித்தனியே விலை பேசாது சங்கமாக நின்று பேசத் துணை செய்யலாம். அந்த மாணவியின் படிவத்தில் 'இல்லை' என்பதை அவளைக் கொண்டே வெட்டுவித்து, 'தையல்' என்று எழுதச் செய்தோம். இனி அந்தச் சொல்லுக்கு உரிய கூலியைக் கேட்டுப் பெற அவள் கற்கவேண்டும். அந்தப் பாடத்தை அம்மம்மாவால் கற்பிக்க முடியவில்லை. அது நம்முடைய பொறுப்பு.