உத்தரவாதம் முடிந்த மறு மாதம்

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குச் சொந்த ஊர் நெடுந்தொலைவில் இல்லை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் எல்லை வகுக்கப்பட்ட பின்னரும், கல்யாணமும் கருமாதியும் கோவில் கொடையும் களியக்காவிளைக்கு அப்பால் நடக்கின்றன. உத்தியோகமும் பள்ளிக்கூடமும் வைத்தியமும் இப்பால் இருக்கின்றன. ஆதலால் நம்மவர் வீட்டு வாசலில் ஒரு சிறு கார் நிற்பதை ஆடம்பரம் என்று யாரும் சொல்வதில்லை. வசதியுள்ளவர் கையிருப்பைக் கொண்டு வாங்குகிறார். மற்றவர் கடன்பட்டு வாங்குகிறார். நான் இரண்டாம் வகையினன்.

எட்டு லட்சம் ரூபாய் விலை, ஐந்தாண்டுக் கடன், மூன்றாண்டு உத்தரவாதம். இந்த மூன்று எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் ஒன்று விளங்கும். உத்தரவாதம் தீர்ந்த பின்னரும் இரண்டாண்டுகள் தவணை கட்டியாக வேண்டும். அந்த இரண்டாண்டுகளில் வண்டிக்கு எது நேர்ந்தாலும், கடனும் நம்முடையது, செலவும் நம்முடையது. எங்களுக்கு நேர்ந்தது மூன்று ஆண்டுகளும் ஐந்து வாரங்களும் கழிந்த பிறகு.

எழுபத்தெட்டு வயதான என் தாயார் நாகர்கோவிலில் தம்பி வீட்டில் இருக்கிறார். இருதயச் சிகிச்சைக்காக மாதம் ஒரு முறை அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்து வருவது வழக்கம். பேருந்தில் உட்கார்ந்து வர அவரால் இயலாது. அவ்வாறு ஒரு நாள் அழைத்து வரும்போது, பாலராமபுரம் சந்திப்பில் நெரிசலுக்கிடையே வண்டியைத் திருப்பினேன். சக்கரம் ஆட்டுக்கல்லைப் போலக் கனத்தது. முன்பலகையில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. இரண்டு கைகளாலும் வலிந்து இழுத்து ஒருவாறு ஓரங்கட்டினேன். பின்னிருக்கையிலிருந்த தாயார், “என்னடா, பெட்ரோல் தீந்துபோச்சா?” என்று மட்டும் கேட்டார். நானும் ஆம் என்று சொல்லி வைத்தேன்.

இந்தக் கோளாற்றின் இயல்பைச் சிறிது விளக்குவது வண்டி ஓட்டும் அன்பர்களுக்குப் பயன்படும். முற்காலத்துக் கார்களில் ஸ்டியரிங்கைத் திருப்ப நம் தோள்வலிமை ஒன்றே துணை. 1951-இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் எண்ணெய் அழுத்தத்தால் அதற்கு உதவி செய்யும் அமைப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1988-இல் ஜப்பானின் சுசுகி நிறுவனம் சிறிய கார் ஒன்றில் மின்சார மோட்டாரை அப்பணிக்கு அமர்த்தியது. இன்று நம் சிறு கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது இந்த மின்சார முறையே. நம் கை எவ்வளவு விசையோடு திருப்புகிறது என்பதை ஓர் உணர்கருவி அளக்கிறது. ஒரு மின்னணுப் பெட்டி அதைக் கணக்கிடுகிறது. மோட்டார் அதற்கேற்ப உந்துகிறது. இம்மூன்றில் ஒன்று சோர்ந்தாலும் உதவி நின்றுவிடும். ஆயினும் சக்கரங்களுக்கும் நம் கைக்கும் இடையிலுள்ள இரும்புத் தண்டு அறுவதில்லை. ஆகவே வண்டி திரும்பும், கடுமையாகத் திரும்பும். பதற்றத்தில் ஓடும் வண்டியின் சாவியைத் திருகி அணைத்துவிடுவதுதான் பேராபத்து. ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

லாரியில் ஏற்றி, வண்டியை நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பணிமனையில் சேர்த்தோம். மறுநாள் மதிப்பீடு வந்தது: 84,600 ரூபாய். அதில் பாகத்தின் விலை மட்டும் 72,000. எஞ்சியது கூலியும் பிறவும். மோட்டாரும் உணர்கருவியும் பெட்டியும் ஒரே தொகுதியாக வருவனவாம்; ஒன்று கெட்டாலும் முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டுமாம். அங்கிருந்த இளைஞர் மிக்க பணிவோடு, “வாரண்டி கழிஞ்ஞு போயல்லோ, சாரே” என்றார். அந்த வாரம் என் மகளின் விடுதிக் கட்டணத்துக்காக வங்கியில் வைத்திருந்த தொகை 90,000 ரூபாய். எண்கள் சில வேளைகளில் மனிதரைவிடக் கொடுமையாகப் பேசுகின்றன.

கரமனையில் எங்கள் தெருவுக்கு அருகே பட்டறை வைத்திருக்கும் தோவாளைக்காரர் ஒருவரிடம் ஆலோசனை கேட்டேன். அவர் பணிமனைக்கே உடன் வந்து பார்த்தார். “அண்ணாச்சி, முதல்ல பேட்டரியப் பாக்கணும். கரண்டு கொறஞ்சாலும் இந்த லைட்டு எரியும். பியூசும் எர்த்து வயரும் பாத்தாச்சான்னு கேளுங்க” என்றார். கேட்டோம். பேட்டரி நன்றாகவே இருந்தது, இணைப்புகளிலும் பழுதில்லை. குறிகாட்டும் கருவியைப் பொருத்தியபோது உணர்கருவியின் கோளாறு என்றே எண் காட்டியது. அந்த அறிக்கையைத் தாளில் அச்சிட்டுத் தரும்படி அவர் வற்புறுத்தினார். ஆயிரம் ரூபாயில் தீரும் காரியமாக இருக்குமோ என்று நான் கொண்டிருந்த ஆசை அங்கே முடிந்தது. ஆனால் கையில் ஓர் ஆவணம் கிடைத்தது.

அதனினும் பெரிய ஆவணம் வீட்டிலேயே இருந்தது. எட்டு மாதங்களுக்கு முன் வழக்கமான பராமரிப்புக்கு வண்டியை விட்டபோது, திருப்புகையில் ‘டொக்’ என்று ஓர் ஓசை கேட்பதாக என் துணைவியார் சொன்னார். வாயால் சொன்னது போதாது, ஜாப் கார்டில் எழுதுங்கள் என்று நின்று எழுதுவித்தவரும் அவரே. ‘சோதிக்கப்பட்டது, இயல்பாக உள்ளது’ என்று கீழே எழுதி முத்திரையிட்டிருந்தார்கள். ரேஷன் அட்டையோடும் பிறப்புச் சான்றிதழ்களோடும் அந்தத் தாளையும் அவர் கோப்பில் வைத்திருந்தார். உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே குறை தெரிவிக்கப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கோளாறு வண்டி இனத்துக்கே பொதுவானதா என்றும் பார்த்தோம். நிறுவனமே திரும்ப அழைத்துச் சரிசெய்யும் வண்டிகள் உண்டு. உதாரணமாக, 2023 ஜூலையில் மாருதி நிறுவனம் ஸ்டியரிங்கைச் சார்ந்த ஒரு தண்டில் குறை இருக்கக்கூடும் என்று எஸ்-பிரெஸ்ஸோ, ஈக்கோ வண்டிகள் 87,599-ஐத் திரும்ப அழைத்தது. 2024 அக்டோபரில் அமெரிக்காவில் ஹோண்டா நிறுவனம் ஸ்டியரிங் பற்சக்கரப் பெட்டியின் குறைக்காக ஏறத்தாழ 17 லட்சம் வண்டிகளை அழைத்தது. அத்தகைய அழைப்பின்கீழ்ச் செய்யும் பழுதுபார்ப்புக்கு வண்டிக்காரர் பணம் தர வேண்டியதில்லை. நம் நாட்டில் அரசே ஆணையிட்டு அழைப்பிக்கும் அதிகாரமும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவால் உண்டு. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. நிறுவனத்தின் இணையதளத்தில் சேசிஸ் எண்ணைப் பதிந்து பார்த்தேன். எங்கள் வண்டி அதில் இல்லை.

வழக்கறிஞரான உறவினர் ஒருவர் சட்டத்தை விளக்கினார். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுகளுக்குள் முறையிடலாம். கொடுத்த விலை 50 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் வழுதக்காட்டிலுள்ள மாவட்ட ஆணையமே போதும். ஐந்து லட்சம் வரையுள்ள பொருளுக்குக் கட்டணமே இல்லை. ஐந்துக்கு மேல் பத்து லட்சம் வரை 200 ரூபாய். 1915 என்னும் தேசிய உதவி எண்ணும் உண்டு. ஆனால் குறை உற்பத்தியில் எழுந்தது என்பதை மெய்ப்பிக்கும் சுமை பெரும்பாலும் நம்மீதே விழும். நிபுணர் கருத்து தேவைப்படும். முழு வண்டியையும் மாற்றித் தரச் சொல்லலாமா என்று கேட்டேன். கிளட்சுப் பழுது பற்றிய மாருதி வழக்கொன்றில், பாகத்தை மாற்றித் தந்தால் போதும் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டதைச் சொன்னார். விபத்தில் காற்றுப்பை விரியாத ஹூண்டாய் வண்டிக்கு மாற்று வண்டி தரச் சொன்ன தீர்ப்பை அதே நீதிமன்றம் 2022-இல் உறுதி செய்ததையும் மறைக்கவில்லை. “உங்க வண்டியில யாருக்கும் அடிபடல, அத்தான், அது நல்லதுதான், ஆனா கேசுக்கு நல்லதில்ல” என்றார்.

கடிதம் எழுதினேன். கோபத்தைக் காட்டவில்லை, நாள், கிலோமீட்டர் கணக்கு, ஒவ்வொரு பராமரிப்பின் பற்றுச்சீட்டு, ஜாப் கார்டின் நகல், கோளாற்று எண்ணின் அச்சு ஆகியவற்றை வரிசைப்படுத்திப் பாகமும் கூலியும் இலவசமாக வேண்டும் என்றேன். உத்தரவாதம் முடிந்தது என்று ஒரே வரியில் பதில் வந்தது. மறுபடியும், இம்முறை தலைமை அலுவலகத்துக்கு, ஜாப் கார்டை முதற்பக்கத்தில் வைத்து எழுதினேன். 15 நாள்களில் தீர்வு இல்லையேல் ஆணையத்தை நாடுவேன் என்றும் சேர்த்தேன். பன்னிரண்டாம் நாள் தொலைபேசி ஒலித்தது. நல்லெண்ண அடிப்படையில் பாகத்தின் விலையில் பாதியைத் தாங்களே ஏற்பதாகவும், எஞ்சிய 48,600 ரூபாயை நான் செலுத்தி, இனி உரிமை கோருவதில்லை எனக் கையொப்பமிட வேண்டும் எனவும் கூறினார்கள்.

அன்றிரவு வீட்டில் நடந்தது ஒரு சிறு நீதிமன்றம். என் மகன் கையொப்பமிடக் கூடாது என்றான். குறையை முன்கூட்டிச் சொல்லியும் பார்க்காமல் விட்டவர்கள் பாதி தருவதை நல்லெண்ணம் என்று அழைப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் வழக்கு எத்தனை மாதம் நடக்கும் என்று எவரும் சொல்ல முடியாது. அதுவரை பழுதான பாகத்தை மாற்றாமல் சான்றாக வைத்தால் வண்டி ஓடாது. தாயாரின் அடுத்த சிகிச்சை நாளுக்கு ஒன்பது நாள்களே இருந்தன. துணைவியார் இரண்டு பக்கமும் பேசவில்லை. “அத்தைக்கு வாடகை கார் எவ்வளவு ஆகும்னு கேட்டீங்களா?” என்றார். போய்வர ஒவ்வொரு முறையும் சில ஆயிரம். கையொப்பமிட்டேன். மகளின் கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்ட விடுதியில் இசைந்தார்கள்.

வண்டியை எடுக்கச் சென்றபோது கழற்றிய பழைய தொகுதியைக் காட்டச் சொன்னேன், காட்டினார்கள். பாதி விலை அவர்கள் தந்ததால் அதை நிறுவனத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்றார்கள்; எண்ணைக் குறித்துக்கொண்டு ஒரு புகைப்படம் எடுத்தேன். புதிய பாகத்துக்கு ஓராண்டு உத்தரவாதம் என்பதை வாய்ச்சொல்லாக விடாமல் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்கினோம். எழுதச் சொன்னவர் யார் என்று அன்பர்கள் ஊகித்திருப்பீர்கள். அந்தப் பற்றுச்சீட்டும் இப்போது ரேஷன் அட்டைக் கோப்பில் இருக்கிறது.