பழகிப்போன நாற்றம்

திங்கட்கிழமை காலை இன்குபேட்டரைத் திறந்தபோது எட்டுப் புட்டிகள் மை ஊற்றியதுபோல் கறுத்திருந்தன. வெள்ளிக்கிழமை மாலை நான் வைத்துவிட்டுப் போனபோது அவை வெளிர்மஞ்சள் நிறத்தில் இருந்தவை. எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது.

செம்பனை எண்ணெய் ஆலைக் கழிவுநீரிலிருந்து மீத்தேன் எரிவாயு எடுப்பதுதான் என் முதுகலை ஆய்வு. காற்றுப் புகாத கலனில் கழிவுநீரை நொதிக்கவிட்டால் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து மீத்தேனைத் தரும். ஆனால், எங்கள் கலனில் மீத்தேன் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தது. உள்ளே யாரோ உணவைத் திருடுகிறார்கள் என்று சந்தேகம்.

திருடனைப் பிடிக்கத்தான் பன்னிரண்டு புட்டிகள். லாக்டேட், சல்பேட், சிறிது இரும்பு உப்பு கலந்த நீரில் நைட்ரஜனைச் செலுத்தி ஆக்சிஜனை விரட்டிவிட்டு, கலனிலிருந்து சில துளி சேற்றை விட்டேன். நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோல், சில பாக்டீரியாக்கள் சல்பேட்டைச் சுவாசிக்கின்றன. 1895இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பெயரிங்க் என்ற அறிஞர் இவற்றைக் கண்டறிந்தார். இவை வெளிவிடும் ஹைட்ரஜன் சல்பைடு இரும்போடு சேர்ந்தால் கறுத்துவிடும். மீத்தேன் தரும் நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஹைட்ரஜனையும் அசிட்டேட்டையும் இவை முந்திக்கொண்டு தின்றுவிடும். இவற்றை அடக்கும் மாலிப்டேட் உப்பைச் சேர்த்த நான்கு புட்டிகள் மட்டும் கறுக்கவில்லை. திருடன் அகப்பட்டான்.

ஒரு புட்டியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். எனக்கு அது புதிதல்ல. நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் நாற்றம். ஆலைக்குப் பின்னால் கழிவுநீர்க் குளங்கள் இருந்தன. காற்று எங்கள் லயத்துப் பக்கம் திரும்பினால் அம்மா ஜன்னலைச் சாத்துவார். ஆலையில் வேலை பார்த்த அப்பா சிரிப்பார். “கொஞ்ச நேரந்தாம்மா, மூக்கு பழகிடும்.”

அந்த வாரக் கடைசியில் நான் ஒரு தவறு செய்தேன். பழைய கரைசல்களை ஒரு வாளியில் கொட்டினேன். அதில் ஏற்கெனவே கொஞ்சம் அமிலம் இருந்ததைக் கவனிக்கவில்லை. சல்பைடு கரைசலில் அமிலம் பட்டால், கரைந்திருக்கும் வாயு குப்பென்று கிளம்பும். முதலில் நாற்றம் தூக்கியடித்தது. பிறகு குறைந்தது. போய்விட்டது என்று வேலையைத் தொடர்ந்தேன். அப்போது அறைக்குள் வந்த சீனியரின் சட்டையில் மாட்டியிருந்த வாயு மீட்டர் அலறியது. என்னுடையது மேசை இழுப்பறையில் கிடந்தது. அவர் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

காற்றின் பத்து லட்சம் பங்கில் ஒரு பங்குகூட இல்லாதபோதே இந்த வாயு மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால், நூறு பங்கை எட்டினால் சில நிமிடங்களில் மோப்பம் மரத்துப்போகும். அதற்கும் மேலே போனால் ஆள் மயங்கி விழுவார், உயிரும் போகலாம். காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளத்திலும் தொட்டியிலும் தேங்கி நிற்கும்.

அன்றிரவு அப்பாவிடம் போனில் நடந்ததைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

“தொட்டி கழுவ எறங்குறதுக்கு முன்னாடி நாங்க மோந்து பார்ப்போம்மா. மொதல்ல வீசும், அப்புறம் வீசாது. சரி, போயிடுச்சுன்னு எறங்குவோம்.”

எனக்குத் தொண்டை அடைத்தது.

“ஒரு தடவ கூட வந்தவரு தல சுத்தி ஏணியிலயே உக்காந்துட்டாரு. காலையில சாப்பிடாம வந்துட்டாருன்னு நெனச்சோம். டீ வாங்கிக் கொடுத்தோம்.”

மூக்கு பழகிவிட்டது என்று அவர் சொன்னதையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். அத்தனை வருடங்கள் அவர் மாலையில் வீடு திரும்பியது எங்கள் அதிர்ஷ்டம்.

சித்தப்பா மகன் இப்போது ஓர் ஆலையில் வேலை செய்கிறான். “அவன்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லவா?” என்றார் அப்பா.

“நீங்களே சொல்லுங்கப்பா. நீங்க சொன்னாதான் கேப்பான்.”

மறுநாள் தம்பி அழைத்தான். “அக்கா, அது என்ன மீட்டரு? அது இல்லாம தொட்டிகிட்டயே போகக்கூடாதுன்னு பெரியப்பா ஒரே சத்தம் போடறாரு!”

என் சட்டையில் மாட்டியிருந்ததைக் கழற்றி, படம் பிடித்து அவனுக்கு அனுப்பினேன்.